சுழலும் தரையில் ஒரு கோலிக்குண்டு

(பொது மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சுவர் நேராக எழுகிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு விடுவார். தளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் வைப்பார். குமிழ் இரண்டு கோடுகளுக்கு நடுவில் வந்து நின்றால் தளம் மட்டம், பேச்சு முடிந்தது. இன்று நான் பேசப்போவது அந்தக் குமிழைப் பற்றி. எதைப் பார்த்து அது மட்டம் என்கிறது? பூமியின் ஈர்ப்பைப் பார்த்து என்பீர்கள். அந்தப் பதிலில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கிறது. சென்னையில் 10 மீட்டர் கயிற்றில் தூக்குக்குண்டு விட்டால், ஈர்ப்பு மட்டுமே இழுத்திருந்தால் அது நிற்க வேண்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய ஏழரை மில்லிமீட்டர் தெற்கே தள்ளித்தான் நிற்கும். பூமி சுழல்வதால் வரும் விலகல் இது. ஆக, நாம் நேர் என்பதிலும் மட்டம் என்பதிலும் பூமியின் சுழற்சி ஏற்கெனவே கலந்திருக்கிறது.

இதை நான் ஒரு மாணவியிடமிருந்து கற்றேன். பல ஆண்டுகள் வகுப்பில் கொரியோலிஸ் விளைவை ஒரே விதமாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்: "பந்து நேராகத்தான் போகிறது, அடியில் பூமி திரும்பிவிடுகிறது, அதனால் வளைந்து போவதுபோலத் தெரிகிறது." பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மதிப்பெண்ணும் வாங்குவார்கள். ஒருநாள் கடைசி வரிசையில் இருந்த பெண் எழுந்து கேட்டாள்: "சார், பூமி சுத்துதுன்னா, தரையில சும்மா வச்ச கோலிகூட வெளிய தள்ளப்படணும்ல? அது ஏன் தெக்க உருண்டு ஓடல?"

நான் வாயடைத்து நின்றேன். அன்று மாலை காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கணக்கு இப்படிப் போகிறது. பூமி 23 மணி 56 நிமிடத்தில் ஒருமுறை தன்னைச் சுற்றுகிறது. நிலநடுக்கோட்டில் தரையின் வேகம் வினாடிக்கு 465 மீட்டர். சென்னையில் 453 மீட்டர். இப்போது பூமி ஒரு குறையில்லாத உருண்டை என்றும், அதன் மேல் உராய்வே இல்லாத பனிக்கட்டித் தரை விரிந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை அட்சரேகையில் ஒரு கோலியை அசையாமல் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். பேருந்து வளைவில் திரும்பும்போது நாம் வெளிப்புறமாகச் சாய்கிறோமே, அதுபோலக் கோலியும் சுழலச்சை விட்டு விலகப் பார்க்கும். உருண்டையின் மேல் அப்படி விலகுவதென்றால் நிலநடுக்கோட்டை நோக்கிச் சறுக்குவதுதான். ஒரு மணி நேரத்தில் அந்தக் கோலி சுமார் 48 கிலோமீட்டர் தெற்கே போயிருக்கும். கடல்நீருக்கும் இதே கதி. எல்லாக் கடலும் வழிந்து நிலநடுக்கோட்டைச் சுற்றி ஒரு வளையமாகக் குவிந்திருக்கும்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. மாணவியின் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருந்தது.

விடை பூமியின் உருவத்தில் இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரைச் சீராகச் சுழற்றினால் நடுவில் குழிந்து ஓரத்தில் ஏறும். அந்தக் குழிந்த பரப்பில் எந்தத் துளியும் உள்ளே சரியாது, வெளியே வழியாது. சரிவின் இழுப்பும் வெளியே தள்ளும் போக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. உத்தராகண்டின் தேவஸ்தல் மலையில் இதையே தொலைநோக்கியாக்கி வைத்திருக்கிறார்கள். 4 மீட்டர் அகலத் தட்டில் பாதரசம், சுமார் 8 வினாடிக்கு ஒரு சுற்று. பாதரசம் தானாகவே துல்லியமான குழியாடியாகிவிடுகிறது. 2022இல் அது முதன்முதலாக வானத்தைப் படம்பிடித்தது.

பூமி தன்னையே இப்படித்தான் வடித்துக்கொண்டது. சுழலச்சை விட்டு விலகத் துடித்த பொருளெல்லாம் நடுவில் ஒதுங்கி, இடுப்பு பருத்து, துருவங்கள் தட்டையாயின. நிலநடுக்கோட்டு ஆரம் 6378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6357. வித்தியாசம் 21 கிலோமீட்டர். பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சிகரம் எவரெஸ்ட் இல்லை, நிலநடுக்கோட்டுக்கு அருகே ஈக்வடாரில் உள்ள சிம்போராசோ என்பது இந்த 21 கிலோமீட்டரின் கைங்கரியம்தான்.

முதல் துப்பு ஒரு கடிகாரத்திலிருந்து வந்தது. 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போனார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைச் சற்றுக் குட்டையாக்க வேண்டியிருந்தது. நியூட்டன் 1687இல் வெளியிட்ட 'பிரின்சிபியா'வில் இந்தத் துப்பைப் பயன்படுத்தி, பூமி நடுவில் பருத்திருக்க வேண்டும் என்று கணித்தார். பிரான்சில் பலர் நம்பவில்லை. 1735இல் ஒரு குழு பெருவுக்கும், அடுத்த ஆண்டு மோப்பெர்டுயி தலைமையில் மற்றொரு குழு லாப்லாந்துக்கும் போய்த் தரையையே அளந்து பார்த்த பிறகுதான் வழக்கு தீர்ந்தது.

இந்த உருவம் கோலிக்கு என்ன செய்கிறது? பூமி, தன் வடிவம் மாறாமல், திடீரென்று சுழல்வதை நிறுத்திவிட்டது என்று எண்ணிப்பாருங்கள். அந்தக் கணமே கொத்தனாரின் குமிழ் நகரும். நேற்றுவரை மட்டமாக இருந்த தரை இன்று வடக்கு நோக்கிச் சரிந்திருக்கும். சென்னையில் கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர் சரிவு. 45 பாகை அட்சரேகையில் 1.7 மீட்டர். கடல்நீர் துருவங்களை நோக்கி ஓடத் தொடங்கிவிடும். அதாவது, நம் தரையெங்கும் துருவத்தை நோக்கிய ஒரு சரிவு ஒளிந்திருக்கிறது. அதை நாம் உணராததற்கு ஒரே காரணம், நாமும் தரையோடு சேர்ந்து அதே வேகத்தில் சுழல்கிறோம். சரிவு உள்ளே இழுக்கிறது, சுழற்சி வெளியே தள்ளுகிறது, இரண்டும் சமம். அசையாமல் கிடக்கும் கோலி இந்தச் சமத்தில்தான் கிடக்கிறது.

இந்தச் சமம், அசையாத பொருளுக்கு மட்டுமே அளவெடுத்துத் தைத்த சட்டை. நகரும் பொருளுக்கு அது பொருந்தாது. இன்றைய உரையில் நான் உங்களிடம் சேர்க்க விரும்பும் செய்தி இதுதான். மீதியெல்லாம் இதிலிருந்தே விளையும்.

கோலியை இப்போது கிழக்கே தள்ளுங்கள், வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில். தரை சுழலச்சை 453 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. கோலியோ 463 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. வேகம் கூடினால் வெளியே விலகும் போக்கும் கூடும். சரிவோ 453க்கு மட்டுமே ஈடுகொடுக்கும். மிச்சத்தைத் தாங்க ஆளில்லை. கோலி நிலநடுக்கோட்டுப் பக்கம், அதாவது தெற்கே, ஒதுங்குகிறது. கிழக்கே பார்த்து நடப்பவருக்குத் தெற்கு வலக்கைப் பக்கம்.

மேற்கே தள்ளுங்கள். இப்போது கோலியின் வேகம் 443. வெளியே விலகும் போக்கு குறைந்துவிட்டது. சரிவு அப்படியே இருக்கிறது. ஒளிந்திருந்த சரிவு கோலியை வடக்கே இழுக்கிறது. மேற்கே போகிறவருக்கு வடக்கு வலக்கைப் பக்கம்.

வடக்கே தள்ளினால், போகப்போகக் கோலி சுழலச்சை நெருங்குகிறது. கைகளை விரித்துச் சுழலும் நடனக்காரர் கைகளை மார்போடு ஒடுக்கினால் சுழற்சி விரைவதைப் பார்த்திருக்கிறோம். கோண உந்தம் மாறாதிருப்பதால் வருவது அது. கோலியும் அப்படியே தரையை முந்திக் கிழக்கே போகிறது, மறுபடி வலப்பக்கம். தெற்கே தள்ளினால் சுழலச்சை விட்டு விலகி, பின்தங்கி, மேற்கே சாய்கிறது. அதுவும் வலம்தான். தென் அரைக்கோளத்தில் இதே காரணங்கள் நான்கு திசையிலும் இடப்பக்கம் கொண்டுபோகும்.

எப்போதும் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே, வேகம் மாறாமல் போகும் பொருள் என்ன பாதை போடும்? வட்டம். சென்னை அட்சரேகையில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் விட்ட கோலி சுமார் 300 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் கடிகார முள் திசையில் சுற்றி, 53 மணி நேரத்தில் புறப்பட்ட இடத்தை நெருங்கும். வேகத்தைக் குறைத்தால் வட்டம் சிறுக்கும், நேரம் மாறாது. வேகத்தை வினாடிக்கு 20 சென்டிமீட்டராக்குங்கள்: ஆரம் 6 கிலோமீட்டர், நேரம் அதே 53 மணி. பாரிசில் 16 மணி, துருவத்தில் 12 மணிக்குச் சற்றுக் குறைவு.

இந்த 12 மணி என்னை வெகுநாள் தூங்கவிடவில்லை. பந்து நேராகப் போகிறது, பூமிதான் அடியில் திரும்புகிறது என்றால் 24 மணி அல்லவா வர வேண்டும்? பாதி நாள் எங்கிருந்து வந்தது?

வட துருவத்துக்கே போய்ப் பார்த்துவிடுவோம். துருவத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி, விண்மீன்களைப் பொறுத்து அசையாமல் நிற்கும்படி ஒரு கோலியை வையுங்கள். தரை அதன் அடியில் வினாடிக்கு 73 சென்டிமீட்டர் வேகத்தில் நழுவிப்போகும். பழைய விளக்கத்தின்படி கோலி அங்கேயே நிற்க வேண்டும். நிற்காது. அது சுழலவே இல்லையே. வெளியே தள்ள எதுவும் இல்லை, சரிவு மட்டும் இருக்கிறது. கோலி துருவத்தை நோக்கிச் சறுக்கி, துருவத்தைக் கடந்து, எதிர்ப்பக்கம் 10 கிலோமீட்டர் ஏறி, நின்று, திரும்பி வரும். கிண்ணத்துக்குள் உருளும் குண்டைப் போல. போய்வர ஒருநாள். விண்ணிலிருந்து பார்ப்பவருக்கு இது துருவத்தின் வழியாகப் போகும் ஒரு நேர்கோடு. துருவத்தில் முகாமிட்டிருப்பவருக்கோ, 5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நாளுக்கு இரண்டு முறை சுற்றும் கோலி. அரைநாளில் கோலி எதிர்முனைக்குப் போகிறது. தரையும் அரைச் சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்தை அதே எதிர்முனைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இரண்டும் அங்கே சந்திக்கின்றன.

வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்தக் கோலி வேகமெடுக்கிறது, தளர்கிறது, நிற்கிறது, திரும்புகிறது. விசையில்லாத பொருள் இப்படிச் செய்யாது. அதை ஆட்டிவைப்பது உண்மையான ஈர்ப்பு, பூமியின் பருத்த உருவத்தின் வழியாக வரும் ஈர்ப்பு. இது தெரிந்த பிறகு "வெறும் தோற்றம்தான்" என்று என்னால் வகுப்பில் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் அறிஞர்களும் தடுமாறியிருக்கிறார்கள். 1735இல் லண்டனில் ஜார்ஜ் ஹாட்லி வணிகக்காற்றுகளுக்கு விளக்கம் தந்தார். நிலநடுக்கோட்டை நோக்கி வரும் காற்று, தான் புறப்பட்ட இடத்தின் குறைந்த வேகத்தையே சுமந்து வருவதால் மேற்கே பின்தங்குகிறது என்றார். பாதை சரி, கணக்கில் பாதிதான் வரும். காற்று காப்பது வேகத்தை இல்லை, கோண உந்தத்தை. மேலும், கிழக்கிலும் மேற்கிலும் போகும் காற்று ஏன் வளைய வேண்டும் என்பதற்கு அவரிடம் விடையே இல்லை. அந்த அரைகுறை விளக்கம் இன்றும் பல பாடநூல்களில் உயிரோடு இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இந்த விளைவுக்குப் பெயர் தந்த பிரெஞ்சு அறிஞர் காஸ்பார் கொரியோலிஸின் கவனம் வேறிடத்தில் இருந்தது. 1835ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் ஆராய்ந்தது சுழலும் பாகங்களுள்ள இயந்திரங்களை. காற்றையும் கடலையும் அவர் தொடவில்லை. அதே ஆண்டில் பில்லியர்ட்ஸ் பந்துகளின் இயக்கம் பற்றியும் ஒரு நூல் எழுதினார். இன்று அவர் பெயரால் வழங்கும் விசைக்கு அவர் வைத்த பெயர் 'கூட்டு மையவிலக்கு விசை'. அந்தப் பெயரே நிலைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். நகரும் பொருளை வெளியே தள்ளும் மையவிலக்கு விசை தன் பழைய அளவிலிருந்து மாறிவிட்டது என்பதை அது நேராகச் சொல்கிறது.

எந்தத் திசையில் நகர்ந்தாலும் வலப்புறமே என்பதைக் காற்றுக்கும் கடலுக்கும் பொருத்திக் காட்டியவர் அமெரிக்காவின் வில்லியம் ஃபெரல். பண்ணைவீட்டுப் பையன். களத்தில் வேலை செய்யும்போது வைக்கோல் வாரும் கவைமுள்ளால் களஞ்சியக் கதவில் வட்டங்கள் கீறிக் கீறி வடிவியல் படித்தவர். நாஷ்வில்லில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது 1856இல் காற்றையும் கடலையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது ஒரு மருத்துவ இதழில். வளிமண்டல அறிவியலின் அடித்தளங்களில் ஒன்று மருத்துவக் கட்டுரைகளுக்கு நடுவே அச்சானது. அந்த ஆசிரியரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

சரி, உராய்வில்லாத கோலிக்கு எங்கே போவது? கடலுக்குப் போக வேண்டும். ஒரு காற்று வந்து மேல்நீரைத் தள்ளிவிட்டு ஓய்ந்துவிட்டால், கரையிலிருந்து விலகிய அந்த நீர் ஏறக்குறையக் கட்டற்ற பொருள்தான். 1933 ஆகஸ்டில் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப்சனும் கூலன்பர்கும் பால்டிக் கடலில் ஒரு நீரோட்டமானியை இறக்கி நாள்கணக்கில் பதிவு செய்தார்கள். பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வரைந்தபோது, மெல்ல நகர்ந்துகொண்டே வட்டம் வட்டமாகச் சுழித்துப் போகும் ஒரு கோடு கிடைத்தது. ஒரு சுழிக்கு 14 மணி. அந்த அட்சரேகைக்குக் கணக்குச் சொல்லும் நேரமும் 14 மணிதான். கோலிக்குண்டு கடலில் அகப்பட்டுவிட்டது. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்த நாளில், சுழிபோட்ட கோலத்தைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஃபூக்கோவின் ஊசலைப் பற்றிக் கேட்பீர்கள். 1851இல் பாரிசின் பாந்தியோனில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதை மக்கள் கண்ணெதிரே காட்டினார். டெல்லியின் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திலும் ஓர் ஊசல் தொங்குகிறது. அதன் வீச்சுத் தளம் ஒரு சுற்றுத் திரும்ப ஏறத்தாழ 50 மணி. டெல்லி அட்சரேகையில் நம் கோலி வட்டமிட 25 மணி, சரியாகப் பாதி. ஊசலைக் கம்பி கணந்தோறும் நடுவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. கோலியைப் பிடித்திழுக்க அப்படி ஒரு கம்பி இல்லை, அது தன் போக்கில் வட்டமிடுகிறது. அதனால்தான் ஒரே சுழற்சி இரண்டுக்கும் இரண்டு விதமாக வெளிப்படுகிறது.

குளியலறைத் தொட்டித் தண்ணீர் வடக்கே ஒருபுறமும் தெற்கே மறுபுறமும் சுழன்று வடியுமா என்ற கேள்வியும் தவறாமல் வரும். வீட்டுத் தொட்டியில் வராது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும் கோலிக்கே சென்னையில் இந்த விசை அதன் எடையில் 30,000இல் ஒரு பங்குதான். மணிக்கணக்கில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட இடம் கொடுத்தால்தான் அது தன் வேலையைக் காட்டும். 1962இல் எம்.ஐ.டி.யின் ஆஷர் ஷப்பிரோ ஒரு பெரிய தொட்டித் தண்ணீரை முழுநாள் அசையாமல் வைத்திருந்து, மெல்லத் திறந்து, அதைக் கண்ணுக்குத் தெரியவைத்தார். நம் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் விழுந்த விதமும் தொட்டியின் வடிவமுமே சுழியைத் தீர்மானிக்கின்றன.

நிலநடுக்கோட்டில் என்ன ஆகிறது? அங்கே வடக்கே தள்ளினால் கோலி சுழலச்சுக்கு இணையாகப் போகிறது, நெருங்கவுமில்லை, விலகவுமில்லை. கிழக்கே தள்ளினால் விலகும் போக்கு நேராக வானத்தை நோக்கியிருக்கிறது. கோலி ஒதுங்குவதில்லை, எடை மட்டும் கொஞ்சம் குறைகிறது. எடை குறைவதும் கதையில்லை. கப்பல்களில் எடுத்த ஈர்ப்பு அளவுகள் கிழக்கே போகும்போது குறைந்தும் மேற்கே போகும்போது கூடியும் இருப்பதை ஹங்கேரியின் லோராண்ட் ஓட்வோஷ் கவனித்தார். 1908இல் கருங்கடலில் எதிரெதிராக ஓடிய இரண்டு கப்பல்களில் அளந்து உறுதிசெய்தார்கள். ஆனால் நிலநடுக்கோட்டை விட்டுச் சற்று வடக்கே நகர்ந்து கிழக்கே போகிற கோலியை வலப்பக்க இழுப்பு தெற்கே கொண்டுவரும். கோட்டைத் தாண்டியதும் இடப்பக்க இழுப்பு வடக்கே திருப்பும். நிலநடுக்கோட்டின் மேல் பாம்புபோல நெளிந்துகொண்டே அது கிழக்கே போகும்.

நமக்கு மழை தரும் தென்மேற்குப் பருவக்காற்றும் இந்தக் கோட்டைத் தாண்டித்தான் வருகிறது. தென் அரைக்கோளத்தில் தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று, கோட்டைக் கடந்ததும் வலப்புறம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. காற்றழுத்தமும் உராய்வும் சேர்ந்து இழுப்பதால் அது கட்டற்ற கோலி இல்லை. இருந்தும் திருப்பம் வந்த வழி அதுவே. இந்தத் திருப்பும் விசை கோட்டருகே தேய்ந்துவிடுவதால்தான் அங்கே புயல்கள் அரிதாகவே பிறக்கின்றன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் சுமார் 5 பாகை வடக்கே, அந்தமான் கடலின் தென்பகுதியில் கருக்கொண்டது. புயல் பிறக்க அதுவே மிகத் தாழ்ந்த அட்சரேகைதான். 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே ஒன்றரைப் பாகையில் உருவான வாமேய் புயல் இன்றுவரை வியப்பாகப் பேசப்படுகிறது.

வங்கக் கடலில் ஒரு புயல் கடந்துபோன மறுநாளை நினைத்துப் பாருங்கள். கரையில் மரங்களை வெட்டி அகற்றிக்கொண்டிருப்பார்கள், மின்கம்பிகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். வானம் வெளுத்திருக்கும், காற்று ஓய்ந்திருக்கும். ஆழ்கடலில் மட்டும், புயல் உதைத்துவிட்ட மேல்நீர் வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பி, சில கிலோமீட்டர் அகல வட்டங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கீழிருக்கும் குளிர்ந்த நீரைக் கலக்கி மேலே கொண்டுவரும். 15 பாகையில் ஒரு சுற்றுக்கு 46 மணி. அங்கே நங்கூரமிட்டிருக்கும் மிதவைகள், புயலின் பெயரைச் செய்தித்தாள்கள் மறந்த பிறகும், அந்த இரண்டு நாள் சுற்றைப் பதிவு செய்துகொண்டே இருக்கும்.